நான் தொட்டுப் பார்க்காத கால்

அந்தப் படத்தை அவருடைய மகளிடம் காட்டியது நான்தான். கேத் லேபை விட்டு வெளியே வந்ததும், ஈய அங்கியைக்கூடக் கழற்றாமல், போனை நீட்டினேன். இடது பக்கம் சிகிச்சைக்கு முன்: முழங்காலுக்குக் கீழே ரத்தக் குழாய்கள் அறுந்த நூல்போல ஆங்காங்கே தொங்கிக்கொண்டிருந்தன. வலது பக்கம் சிகிச்சைக்குப் பின்: கணுக்கால் தாண்டிப் பாதம் வரை கறுப்பாக ஒரே கோடு. "அடைப்பு எடுத்தாச்சும்மா, இனி பயமில்லை" என்றேன். அந்தப் பெண் கையெடுத்துக் கும்பிட்டாள். படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன்.

ஏழு மாதம் கழித்து அதே காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்ததும் நான்தான்.

ரத்தநாள அறுவை மருத்துவனாக இருபது வருடம் வேலை பார்த்தவன் நான். கால் போவது இந்த நோயில் நடக்கக்கூடியதுதான். எல்லாம் சரியாகச் செய்தும் போன கால்கள் உண்டு. அவற்றுக்காக வருந்தியிருக்கிறேன், தூங்கியும் இருக்கிறேன். இந்த ஒரு கால் அப்படிப் போனதல்ல. அந்த ஏழு மாதத்தில் நான் செய்யாமல் விட்டவையும், அது முடிந்தபின் நான் செய்த ஒரு காரியமும் என்னிடம் இருக்கின்றன. அவற்றைத்தான் எழுதுகிறேன்.

அவருக்கு அப்போது வயது 61. சேலத்துப் பக்கம் குழித்தறியில் வெண்பட்டு வேட்டி நெய்கிறவர். சர்க்கரை வந்து 14 வருடம். பீடி அதற்கும் வெகு முன்பே வந்தது. முதலில் நடந்தால் கெண்டைக்கால் பிடித்து இழுத்திருக்கிறது. இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடும். கடைத்தெருவுக்குப் போக மூன்று இடத்தில் நிற்க வேண்டியதாயிற்று. நரம்புப் பிடிப்பு என்று எண்ணெய் தேய்த்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் ரத்தக் குழாயையும் நரம்பு என்றுதான் சொல்வார்கள். இந்த ஒரு சொல்லாலேயே எத்தனையோ பேர் மாதக்கணக்கில் நரம்புக்கு மாத்திரை சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

அடுத்து ராத்திரி வலி வந்தது. காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப் போட்டால்தான் தூக்கம் என்றார். மட்டமாகக் கிடக்கும் காலுக்கு ஏறாத ரத்தம், தொங்கவிட்டால் தன் பாரத்தால் கொஞ்சம் இறங்கும். அந்தக் கொஞ்சத்தில் வலி அடங்கும். கடைசியில் தறியின் மிதி உரசிப் பெருவிரலில் ஒரு புண். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தது. குழித்தறியில் நாள் முழுவதும் பாதம் குழிக்குள் இருட்டில்தான் இருக்கும். விரல் கறுத்த பிறகுதான், ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது, அவர் மனைவி பார்த்திருக்கிறார்.

அவருக்கு நான் செய்தது பலூன் சிகிச்சை. தொடை மடிப்பில் ஊசித் துளை அளவு வழி. அதன் வழியே 0.36 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பி. முழங்காலுக்குக் கீழே காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் மூன்று. அவருக்கு மூன்றும் அடைத்திருந்தன. ஒன்றையாவது பாதம் வரை திறந்தாக வேண்டும். ஒன்றரை மணி நேரம் கம்பியைத் திருப்பித் திருப்பித் தள்ளினேன். அது அடைப்பைக் கடந்து அந்தப் பக்கம் தடையில்லாமல் விழும் கணம் ஒன்று உண்டு. கை விரலில் அது தெரியும். அந்தக் கணத்தின் மேல் எனக்கு இருந்த ஆசையை மறைத்தால் இந்த வாக்குமூலத்துக்குப் பொருளில்லை. பிறகு பலூனை ஊதி, இரண்டு மூன்று நிமிடம் பிடித்து, இறக்கி, சாயம் செலுத்திப் படம் எடுத்தேன். குழாய் பளிச்சென்று வந்தது. அறையில் இருந்த டெக்னீஷியன் பையன்கூட "சூப்பர் சார்" என்றான்.

எங்கள் துறையில் வெற்றிக்கு ஓர் அளவு உண்டு. சிகிச்சை முடிந்தபின் மிச்சச் சுருக்கம் 30 சதவீதத்துக்குள் இருந்தால் 'தொழில்நுட்ப வெற்றி'. மேசையை விட்டு நோயாளி இறங்குவதற்கு முன்பே அது முடிவாகிவிடும். என் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே அன்று சாயங்காலமே வெற்றி என்று எழுதினேன். அதற்குமேல் எழுத அந்தக் கட்டத்தில் இடமும் இல்லை.

ஆனால் பலூன் என்ன செய்கிறது என்பது எனக்குத் தெரியும். குழாய்க்குள் படிந்த கெட்டிப் படிவத்தை அது அகற்றுவதில்லை. அதை நசுக்கி, உடைத்து, சுவரைக் கிழித்து வழி உண்டாக்குகிறது. கிழிந்த சுவர் ஆறும்போது உள்ளே தழும்பு வளரும். நீட்டி விட்ட ரப்பர்போல் சுவர் தானாகவும் சுருங்கும். முழங்காலுக்குக் கீழே, அதுவும் நீளமான அடைப்பாக இருந்தால், திறந்த குழாய் சில மாதங்களிலேயே மறுபடி சுருங்குவதுதான் வழக்கம். திரும்பச் சுருங்காமல் இருந்தால் அதுதான் அதிசயம். இருந்தும் இந்தச் சிகிச்சைக்கு அர்த்தம் இருக்கிறது. புண் ஆறுவதற்கு நிறைய ரத்தம் வேண்டும். ஆறின தோலைக் காப்பாற்ற அதைவிடக் குறைவாகவே போதும். கதவு திறந்திருக்கும் அந்தச் சில மாதத்துக்குள் புண்ணை ஆற்றிவிட்டால் கால் பிழைக்கும். அதற்குள் கதவு சாத்துகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சாத்தினால் மறுபடி திறக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு வழி பார்க்க வேண்டும். பலூனை இறக்கிய நாளில் சிகிச்சை தொடங்குகிறது. இதைப் பரீட்சையில் எழுதியிருக்கிறேன், மாணவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன்.

அப்படி இருக்க, அவர் மகளிடம் சொன்ன வார்த்தை "எடுத்தாச்சு".

அந்த வார்த்தை அவர்கள் வீட்டில் என்ன வேலை செய்தது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. நான் எழுதிக்கொடுத்த மாத்திரைகளில் ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு, கொழுப்புக்கு ஒன்று. இரண்டு மாதம் வாங்கினார்கள். அடைப்புதான் போய்விட்டதே, இனி எதற்கு என்று ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டார்கள். அவர்கள் அறியாமையால் நிறுத்தினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். நான் சொன்னதை நம்பி நிறுத்தினார்கள். இந்த நோய் காலில் தெரிகிறது, உயிரை எடுப்பது பெரும்பாலும் இதயத்தில். அந்த மாத்திரைகள் காலுக்கு மட்டும் கொடுத்தவையல்ல. அதை நான் சொல்லவில்லை. சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

சொல்லாமல் விட்ட இன்னொன்று இதைவிடக் கனமானது. இந்த நோய்க்கு வேறொரு சிகிச்சை இருக்கிறது: பைபாஸ். அவருடைய காலிலிருந்தே ஒரு நீளமான சிரையை எடுத்து, அடைப்புக்கு மேலும் கீழும் தைத்து, ரத்தத்துக்குப் புது வழி போடுவது. நாலைந்து மணி நேரம் ஆகும். காலில் நீளமான வெட்டு, சில நாள் அதிகப் படுக்கை, இதயத்துக்குச் சுமை. ஆனால் நல்ல சிரை கிடைத்தால் அந்த வழி பல வருடம் உழைக்கும். நான் படித்த காலத்தில் இதைத்தான் முதலில் கற்றேன். பேனா முனை அகலமே உள்ள குழாயில் முடியைவிட மெல்லிய நூலால் தைக்கச் சொல்லிக் கொடுத்த ஆசிரியரின் கை இன்னும் கண்ணில் நிற்கிறது. பலூன் வந்தபின் அந்த வித்தையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டேன். வருடத்துக்கு இத்தனை என்று இருந்தது, எப்போதாவது என்று ஆனது. கை பழக்கம் போகப் போக, பைபாஸ் வேண்டியவர்களே குறைந்துவிட்டதாக எனக்குத் தோன்றத் தொடங்கியது. உண்மையில் குறைந்தது என் துணிச்சல்.

அவருடைய காலில் நல்ல சிரை இருந்ததா? ஸ்கேன் கருவியை வைத்துத் தொடை முதல் கணுக்கால் வரை பார்க்கப் பதினைந்து நிமிடம் ஆகும். நான் பார்க்கவில்லை. பார்த்து, நல்ல சிரை இருந்திருந்தால், அதை அவரிடம் சொல்லியாக வேண்டியிருக்கும். "இரண்டு வழி இருக்கு, இதுல இது நல்லது, அதுல அது கஷ்டம்" என்று அவர் முன் வைக்க வேண்டியிருக்கும். அவர் பைபாஸ் வேண்டும் என்று சொல்லியிருந்தால், துருப்பிடித்த என் கையை நானே பார்க்க வேண்டியிருக்கும், அல்லது வேறொருவரிடம் அனுப்ப வேண்டியிருக்கும். அதனால் பார்க்கவில்லை. அன்று இந்தக் காரணம் என் மனதில் வார்த்தையாக வரவில்லை. "வயசானவர், சர்க்கரை, பலூன்தான் பாதுகாப்பு" என்றுதான் வந்தது. 61 வயது, இதயப் பரிசோதனை நன்றாக இருந்தது, தினமும் பத்து மணி நேரம் தறியில் உட்கார்கிறவர். எனக்கு வசதியானதை அவருக்குப் பாதுகாப்பானது என்று பெயர் மாற்றினேன்.

ஆடியில் சிகிச்சை. கறுத்த விரலை மட்டும் எடுத்தோம். புண் மெல்ல மெல்லச் சுருங்கி வந்தது. ஐப்பசியில், அடைமழைக்கு நடுவே, கட்டுப் பிரிக்க வந்தார்கள். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். செவிலியர் கட்டைப் பிரித்தார். நான் மேசைக்கு இந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தேன். புண் முக்கால்வாசி மூடியிருந்தது. "நல்லா ஆறிட்டு வருது" என்றேன். அப்போது அவர் மனைவி சொன்னார்:

"கால் சில்லுனு இருக்குதுங்க டாக்டர். போன மாசம் வரைக்கும் கதகதன்னு இருந்துச்சுங்க."

"மழைக்காலம்மா, அப்படித்தான் இருக்கும். சாக்ஸ் போட்டு விடுங்க."

நான் சொன்ன பதில் இதுதான். ஒரு எழுத்து மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

கையை நீட்டியிருந்தால் எட்டியிருக்கும். புறங்கையைப் பாதத்தில் வைத்து, மற்றக் காலையும் தொட்டு ஒப்பிட்டிருந்தால் போதும். மேல்பாதத்தில் இரண்டு விரலை வைத்து நாடி இருக்கிறதா என்று தேடியிருக்கலாம். மேசை இழுப்பறையில் கைக்குள் அடங்கும் டாப்ளர் கருவி இருந்தது. நல்ல குழாயின் மேல் அதை வைத்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் மூன்று சத்தம் கேட்கும். நோய் கண்ட குழாயில் அது இரண்டாகும். அடைபட்டு வரும் குழாயில் காற்று ஊதுவதுபோல் மங்கலாக ஒன்றே ஒன்று. அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். கதவு சாத்திக்கொண்டிருந்தது. அதை, அந்தக் காலைத் தினம் கழுவித் துடைத்துக் கட்டுப் போட்ட பெண்ணின் கை கண்டுபிடித்துவிட்டது. என் படிப்பு அதைத் தட்டிவிட்டது.

அவர் சட்டையில் பீடி வாசனையும் அடித்தது. அதையும் கேட்கவில்லை. கேட்டால் பேச வேண்டும், பேசினால் நேரமாகும்.

தை முகூர்த்தத்துக்கு வேட்டி ஆர்டர் குவிந்த நேரம். அவர் மறுபடி தறியில் இறங்கினார். மார்கழி, தை இரண்டு மாதமும் வரவில்லை. வராத நோயாளியை நாங்கள் கூப்பிடுவதில்லை. கூப்பிட ஆளும் வைக்கவில்லை, வழக்கமும் இல்லை. மாசியில் காய்ச்சலோடு தூக்கி வந்தார்கள். குதிகால் வரை அழுகல். ஆடியில் நான் திறந்த குழாய் முழுவதும் மூடியிருந்தது. அன்று முதல் முறையாகச் சிரைக்கு ஸ்கேன் பார்த்தேன். தொடையில் நல்ல சிரை இருந்தது. பாதத்தில் அதைத் தைக்க இடம் மிஞ்சவில்லை, நஞ்சு ஏறிக்கொண்டிருந்தது. உயிரா காலா என்ற கட்டம். வெட்டினேன்.

இதுவரை சொன்னவை செய்யாமல் விட்டவை. இனி, செய்தது.

மூன்று மாதம் கழித்து ஒரு மருத்துவக் கருத்தரங்கில் பேச அழைத்தார்கள். முழங்காலுக்குக் கீழான அடைப்புகளில் பலூன் சிகிச்சை, என் அனுபவம் என்பது தலைப்பு. பதிவேட்டை எடுத்து வெற்றிகளைக் கூட்டினேன். நல்ல படங்களைப் பொறுக்கினேன். அவற்றில் அவருடைய படமும் இருந்தது. அதைப்போல் தெளிவான படம் என்னிடம் வேறு இல்லை. அது யாருடையது என்று எனக்குத் தெரியும். அந்தக் கால் இப்போது இல்லை என்றும் தெரியும். தெரிந்தே எடுத்து வைத்தேன்.

பெரிய திரையில் அது வந்தது. இடது பக்கம் அறுந்த நூல்கள், வலது பக்கம் ஒரே கோடு. அரங்கில் சிலர் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். "இந்த நோயாளி இப்போ எப்படி இருக்கார்?" என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று முந்தின இரவே யோசித்து வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. கேட்காததில் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை இன்றும் உடம்பில் உணர்கிறேன். கைதட்டினார்கள். இறங்கி வந்தேன்.

இந்தச் சிகிச்சையைத் தொடங்கி வைத்தவர் சார்லஸ் டாட்டர். 1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரில், விரல்கள் அழுகி, காலை எடுக்க ஒப்புக்கொள்ளாத 82 வயது மூதாட்டி ஒருவருக்கு முதல் முதலாகக் குழாயின் உள்ளிருந்தே வழி திறந்தார். பலூன்கூட அப்போது இல்லை. ஒன்றைவிட ஒன்று பருத்த குழல்களை உள்ளே செலுத்தித்தான் விரித்தார். அந்த அம்மா இரண்டு வருடத்துக்கும் மேல், இறக்கும்வரை, சொந்தக் காலோடு வாழ்ந்தார். இந்தக் கதையை நானும் வகுப்பில் பல முறை சொல்லியிருக்கிறேன். டாட்டர் தன் கட்டுரையில் போட்ட படங்களையும் காட்டியிருக்கிறேன். அவர் இரண்டோடு நிறுத்தவில்லை. முன், பின், பிறகு மூன்று வாரம் கழித்து எடுத்தது என்று மூன்று வைத்தார். என் திரையில் அந்த மூன்றாவது படத்துக்கு இடமே இருந்ததில்லை.

நான் கருத்தரங்கில் பேசிய அதே ஆண்டு நவம்பரில், 2022ல், பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வின் முடிவு வந்தது. 1,830 நோயாளிகள்; கால் போகும் கட்டத்துக்கு வந்தவர்கள். பாதிப் பேருக்கு பைபாஸ், பாதிப் பேருக்கு பலூன், ஸ்டென்ட் போன்ற உள்வழிச் சிகிச்சை. நல்ல சிரை இருந்தவர்களில், காலை இழந்தவர்கள், அதே காலில் மறுபடி பெரிய சிகிச்சை வேண்டியிருந்தவர்கள், இறந்தவர்கள் எல்லாரையும் சேர்த்தால் பைபாஸில் 42.6 சதவீதம், உள்வழியில் 57.4 சதவீதம். கணுக்காலுக்கு மேல் காலை இழந்தவர்கள் மட்டும் 10.4க்கு 14.9. அதை ராத்திரி உட்கார்ந்து படித்தேன். "நல்ல சிரை இருந்தவர்கள்" என்ற சொற்களில் கண் நின்றுவிட்டது.

அடுத்த ஏப்ரலில் பிரிட்டனிலிருந்து பேசில்-2 வந்தது. முழங்காலுக்குக் கீழான நோயில், 345 பேரில், முடிவு நேர் எதிர்: காலை இழந்தோ இறந்தோ போனவர்கள் சிரை பைபாஸில் 63 சதவீதம், உள்வழியில் 53. இதைப் படித்ததும் எனக்கு வந்த முதல் உணர்ச்சி சந்தோஷம். நான் செய்தது சரிதான் என்று நிரூபணம் கிடைத்துவிட்டதாகத் துள்ளினேன். ஒரு முழு நாள் அந்தச் சந்தோஷத்தில் இருந்தேன். பிறகுதான் உறைத்தது: இரண்டு ஆய்விலும், எந்தப் பக்கத்திலும், யாரும் படத்தை எண்ணி முடிவு சொல்லவில்லை. கால் இருக்கிறதா, ஆள் இருக்கிறாரா என்று வருடக்கணக்கில் போய்ப் பார்த்து எண்ணியிருக்கிறார்கள். எந்தச் சிகிச்சை உசத்தி என்ற சண்டை இன்னும் தீரவில்லை. ஆளைப் பார்த்து, சிரையைப் பார்த்து, அடைப்பின் இடத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியது அது. என் நெசவாளருக்கு பலூனே சரியாகவும் இருந்திருக்கலாம். ஐப்பசியில் நான் காலைத் தொடாததற்கு எந்த ஆய்விலும் சமாதானம் கிடையாது.

அதன் பிறகு பழைய பதிவேட்டை எடுத்துக்கொண்டு போன் செய்யத் தொடங்கினேன். தினம் சாயங்காலம் ஐந்து பேர். பாதி எண்கள் வேலை செய்யவில்லை. எடுத்தவர்களில் சிலர் நடந்துகொண்டிருந்தார்கள். என் குரலைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார்கள். சிலர் வீட்டில் "அவர் போய் ஒரு வருஷம் ஆச்சுங்களே" என்றார்கள். வெற்றி என்று எழுதிய கட்டத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு இன்னொரு கட்டம் வரைந்தேன். சில நாட்கள் இரண்டு பேருக்குமேல் பேச முடியவில்லை, பதிவேட்டை மூடிவிட்டு வெளியே போய் நின்றிருக்கிறேன்.

நெசவாளருக்கு மட்டும் போன் செய்யவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன்.

தறியில் மகள் உட்கார்ந்திருந்தாள். அவர் திண்ணையில் ராட்டையை வைத்துத் தார் சுற்றிக்கொண்டிருந்தார். செயற்கைக் கால் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. நடக்கப் போட்டுக்கொள்வாராம், தறி மிதிக்க அது ஒத்துவரவில்லை என்றார். காப்பி கொடுத்தார்கள். குடித்து முடித்ததும் சொன்னேன். சிரையைப் பார்க்காததை, பைபாஸ் என்று ஒன்று இருப்பதைச் சொல்லாததை, அவர் மனைவி கால் சில்லென்று இருப்பதாகச் சொன்னபோது தொடாததை. கடைசியில் கருத்தரங்கில் காட்டிய படத்தையும்.

தறிச் சத்தம் நின்றிருந்தது. அவர் நூலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் குழியிலிருந்து எழுந்து வந்து, "அந்தப் படம் எங்கிட்ட இன்னும் இருக்குது சார்" என்றாள். குரலில் கோபம் இருந்தது. "சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பினேன். அப்பாவுக்குச் சரியாயிருச்சுன்னு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எதுவும் இல்லை. அவர் மனைவி உள்ளே போய்விட்டார். கடைசிவரை என்னிடம் பேசவில்லை.

வெகுநேரம் கழித்து அவர் ராட்டையைத் தள்ளி வைத்தார். வேட்டியை ஒதுக்கி, இருந்த காலை முன்னால் நீட்டினார். "இதுவும் நடந்தா இழுக்குதுங்க" என்றார்.

தரையில் உட்கார்ந்தேன். புறங்கையை வைத்தேன், விரல் பக்கம் கொஞ்சம் குளிர்ச்சி. நாடி விரலுக்கு அகப்படவில்லை. பையிலிருந்து டாப்ளரை எடுத்து, பசை தடவி, கணுக்கால் எலும்புக்குப் பின்னால் வைத்துத் தேடினேன். ராட்டையும் தறியும் நின்றிருந்த அந்தத் திண்ணையில் இரண்டு சத்தம் கேட்டது. மூன்று இல்லை, இரண்டு. பீடியைப் பற்றிக் கேட்டேன். நாளைக்கு நாலு என்றார். அதைப் பற்றி அரை மணி நேரம் பேசினோம். மாத்திரைகளை எழுதினேன், ஒவ்வொன்றும் எதற்கு என்று மகளிடம் சொன்னேன், அவள் தாளில் எழுதிக்கொண்டாள். தொடைச் சிரையைப் படம் எடுத்து வைக்க வேண்டும், செவ்வாய்க்கிழமை வர முடியுமா என்று கேட்டேன்.

அவள் தறிக்கு மேலே தொங்கிய நாள்காட்டியில் தேதியைத் தேடினாள். "செவ்வாய் வேண்டாம், பாவு ஏத்தணும். புதன் வர்றோம்" என்றாள்.